ஈஸ்டில் பூஞ்சையின் செல்லுலேஸ்: தட்டில் வளையம் விழவில்லை

கேள்வி – கொழிஞ்சாம்பாறை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். போர் போட்ட வைக்கோல் மழையில் நனைந்து, அடிப்பக்கம் கருத்து இற்றுப்போவதைச் சிறுவயது முதலே பார்த்தவன் என்பதால், முதுகலைத் திட்டப்பணிக்கும் செல்லுலோஸ் சிதைவையே எடுத்துக்கொண்டேன். டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையின் செல்7ஏ என்னும் செல்லுலேஸ் (செல்லுலோஸை உடைக்கும் நொதி) மரபணுவை, இன்ட்ரான்கள் (புரதமாக மாறாத இடைத்துண்டுகள்) இல்லாத சிடிஎன்ஏ நகலாக, புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் ஆல்ஃபா காரணியின் சுரப்புத் தொடருடன் இணைத்து ரொட்டி ஈஸ்டுக்குள் செலுத்தினேன். மரபணு உள்ளே இருப்பதை, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை காட்டுகிறது. ஆனால் சிஎம்சி (நீரில் கரையும்படி மாற்றிய கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) கலந்த அகார் தட்டில் காங்கோ சிவப்புச் சாயத்தை ஊற்றி உப்புக் கரைசலால் கழுவினால், தட்டு முழுவதும் ஒரே சிவப்பாக இருக்கிறது. காலனியைச் சுற்றி, சிஎம்சி உடைந்ததைக் காட்டும் வெளிர் வளையமே இல்லை. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லிலும் எதிர்பார்த்த 52 கிலோடால்டன் அருகே பட்டை இல்லை. அதற்கு மேலே புகை படிந்தாற்போல் ஓர் இழுவல் தெரிகிறது. பிளாஸ்மிடை (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவை) மறுபடியும் கட்ட வேண்டுமா?

பதில் – நகரியிலிருந்து

தம்பி, பிளாஸ்மிடில் கை வைக்காதீர்கள். செல்7ஏ என்பது செல்லுலோஸ் சங்கிலியின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையாகக் கத்தரித்துக்கொண்டே போகும் நொதி. சிஎம்சியில் தொங்கும் கார்பாக்ஸிமெத்தில் தொகுதிகள் அதன் வழியை அடைத்துவிடும். சங்கிலியை நடுவில் வெட்டும் எண்டோகுளூக்கனேஸ் என்ற வேறு வகை நொதிதான் அந்தத் தட்டில் வளையம் காட்டும். இதை அறியாமல் நானும் மூன்று மாதங்களைத் தொலைத்தேன். வளர்ப்புத் திரவத்தை, செல்7ஏ வெட்டினால் ஒளிரும் பொருளை விடுவிக்கும் மெத்தில் அம்பெல்லிஃபெரில் லாக்டோசைடுடன் வைத்திருந்து, பின்பு சோடியம் கார்பனேட் சேர்த்துப் புற ஊதா ஒளியில் பாருங்கள். ரொட்டி ஈஸ்டுக்கு லாக்டோஸை உடைக்கும் நொதி கிடையாது என்பதால் குழப்பம் குறைவு. ஆனாலும் வெற்றுப் பிளாஸ்மிட் ஏற்றிய ஈஸ்டைப் பக்கத்திலேயே வையுங்கள். அது இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

பதில் – தேவிகுளம்

அந்த இழுவல் பெரும்பாலும் உங்கள் நொதியாகவே இருக்கும். ரொட்டி ஈஸ்டு, தான் சுரக்கும் புரதங்களின் மீது மேனோஸ் என்ற சர்க்கரையை அளவின்றி ஏற்றிவிடும். அந்தச் சர்க்கரையை நீக்கும் எண்டோ ஹெச் நொதி கொண்டு வெட்டியபின் இழுவல் கீழே இறங்கிப் பட்டையாகத் திரண்டால் ஐயம் தீர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் துணிகளை அரித்த பூஞ்சை ரீசி. சுரப்பதையே தொழிலாகக் கொண்ட அதன் விளைச்சலை ஈஸ்டிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. இந்த நொதியில் பத்துக்கும் மேற்பட்ட டைசல்ஃபைடு பிணைப்புகள் (கந்தகப் பாலங்கள்) இருப்பதால் மடிப்பதற்கே ஈஸ்டு திணறும். விளைச்சல்தான் நோக்கம் என்றால், ஈஸ்டில் நன்றாகச் சுரக்கும் டலரோமைசஸ் எமர்சோனி என்ற பூஞ்சையின் நொதியை முயலுங்கள். செல்லுலோஸைப் பற்றும் பகுதி அதில் இயல்பாக இல்லாததால் அதை ரீசியிலிருந்து ஒட்டவைக்க வேண்டும். மெத்தனாலில் வளரும் பிச்சியா என்ற வேறு ஈஸ்டுக்கு மாறலாம் என்றும் சொல்வார்கள். மெத்தனால் ஊட்டும் நாள்களில் இரவில் மின்சாரம் போய்க் குலுக்கி நின்றுவிட்டால் காற்றில்லாமல் எல்லாம் வீணாகும், ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கேட்டவரின் பதில்

நகரி அக்கா சொன்னபடி செய்தேன். என் குழாயில் மங்கலான நீல ஒளி தெரிந்தது; வெற்று ஈஸ்டின் குழாய் இருட்டாகவே இருந்தது. எண்டோ ஹெச் வாங்குவதற்கான கோரிக்கை துறையில் கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறது. அது வந்தவுடன் ஜெல்லின் படத்தை இங்கேயே இடுகிறேன்.