நிலக்கரி இல்லாமல் எஃகு

கேள்வி: ஸ்வீடனின் லூலியோ நகரில் நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு இரும்புத்தாதை இரும்பாக்குகிறார்கள் என்று படித்தேன். ஹைட்ரஜனை எரித்து வெப்பம் பெறுவதுதான் நோக்கமா?

பதில் 1: இல்லை ஐயா. தாதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதே ஹைட்ரஜனின் வேலை. வழக்கமாக இரும்புத்தாதைக் கரியோடு உருக்கும் ஊதுலையில் கரி அதைச் செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, இங்கோ நீராவிதான் வருகிறது. கிடைப்பது உருகிய இரும்பன்று, துளைகள் நிறைந்த ஸ்பாஞ்ச் இரும்பு. அதைப் பிறகு மின் உலையில் உருக்க வேண்டும். 2020இல் சோதனை ஆலை தொடங்கியது. மறு ஆண்டே வாகன நிறுவனமான வால்வோவுக்கு எஃகு போனது.

பதில் 2: மின்சாரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு டன் இரும்புக்கு 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் தேவை. ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவே ஏறத்தாழ 50 யூனிட் செலவாகும். நீர்மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் வடக்கு ஸ்வீடனில் இது கட்டுப்படியாகலாம். அனல்மின்சாரத்தை நம்பியிருக்கும் இடத்தில் புகை ஆலையை விட்டு மின்நிலையத்துக்கு இடம் மாறுமே தவிர, குறையாது.