பெரியப்பாவும் வலி மாத்திரையும்

சாந்தி சித்தி: (பார்வேர்ட்) பார்கின்சன் (நடுக்குவாதம்) என்பது மூளை வீக்கமே!! தினமும் இரண்டு வலி மாத்திரை போட்டால் வீக்கம் வற்றிவிடும்! பத்து பேருக்கு அனுப்பவும் 🙏

செல்வி: சித்தி, இதைப் படித்துவிட்டுத்தான் அப்பா நேற்றிலிருந்து இபுப்ரோஃபென் வலி மாத்திரை போடுகிறார்.

குமார்: ஐயோ

நடராஜன் மாமா: தலை வீங்கின மாதிரி தெரியவில்லையே?

காவ்யா: மாமா, கால் வீங்குகிற வீக்கம் இல்லை இது. அழற்சி. மூளையில் மைக்ரோக்ளியா என்று காவல் செல்கள் உண்டு. ஆல்பா-சினுக்ளின் என்ற புரதம் நரம்பு செல்லில் திரண்டு, செல் சிதையும்போது இவை விழித்துக்கொள்ளும். குப்பையை அள்ளிவிட்டு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் சைட்டோகைன் என்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டி, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமினைச் சுரக்கும் பக்கத்து நல்ல செல்லையும் கெடுத்துவிடும். அது செத்தால் இவை இன்னும் கிளம்பும். இறந்த நோயாளிகளின் மூளையில் இதை மெக்கீர் என்ற ஆய்வாளரின் குழு 1988இலேயே பார்த்துவிட்டது.

குமார்: வேலியே பயிரை மேய்கிறது

நடராஜன் மாமா: நீளம். அப்புறம் படிக்கிறேன்.

சாந்தி சித்தி: அப்போ நான் போட்டது சரிதானே?

காவ்யா: பாதி சரி சித்தி. அழற்சியால் செல் சாகிறதா, செல் செத்ததால் அழற்சியா என்பதே இன்னும் தீரவில்லை. இபுப்ரோஃபென் சாப்பிட்டு வந்தவர்களுக்கு நோய் வருவது குறைவு என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. அது நோய் வராதவர்களைத் தொடர்ந்து பார்த்த கணக்கு. வந்த நோயை அது நிறுத்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தினமும் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

செல்வி: காலையில் அப்பாவுக்கு ஒரு சட்டைப் பொத்தான் போட பத்து நிமிடம். கை துளைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

காவ்யா: அக்கா, பார்கின்சன் மாத்திரை லெவோடோபா போடுகிறாரா? டப்பாவைப் பாருங்கள்.

செல்வி: நேற்று இரண்டு வேளை அப்படியே இருக்கிறது 😞 "அதற்குப் பதில்தானே இது" என்கிறார்.

காவ்யா: பதில் இல்லை! குறைந்துபோன டோபமினை ஈடுகட்டுவது அது. திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்துக் காய்ச்சல்கூட வரலாம். டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள்.

நடராஜன் மாமா: கையெழுத்து சின்னதாகிப் போனதும் இதனாலா? பாகப்பத்திரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டிருந்தாரே.

சாந்தி சித்தி: அண்ணா, பத்திரப் பேச்சு இங்கே வேண்டாம்.

குமார்: நான் வெளியூரில்

சாந்தி சித்தி: பாட்டிக்கு முடியாதபோதும் வெளியூர்தான்.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். மாத்திரை போட்டாகிவிட்டது.

செல்வி: எந்த மாத்திரை அப்பா??

செல்வி: டாக்டர் நாலு மணிக்கு வரச் சொல்கிறார். வண்டி யார் ஓட்டுவது?

நடராஜன் மாமா: 👍

செல்வி: மாமா, நீங்கள் வருகிறீர்களா, இல்லை படித்துவிட்டேன் என்கிறீர்களா?