பொருள்: [கலைச்சொல்] சியலோலிதியாசிஸ் – 'உமிழ்நீர்க் கல்லடைப்பு' எனலாமா?

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

குழுமத்தாருக்கு வணக்கம்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத்தாள் ஒன்று தமிழில் தயாராகிறது. வரைவில் சியலோலிதியாசிஸுக்கு (உமிழ்நீர்ச் சுரப்பியிலோ அதன் குழாயிலோ கல் உண்டாகும் நோய்) ஒரே பக்கத்தில் மூன்று சொல் விழுந்திருக்கிறது: உமிழ்நீர்க்கல் நோய், எச்சில் சுரப்பி அடைப்பு, சுரப்பிக் கற்கள். படிப்பவர் மூன்றும் மூன்று நோய் என்றே எடுத்துக்கொள்வார்.

எல்லாவற்றையும் 'உமிழ்நீர்க் கல்லடைப்பு' என்று ஒன்றாக்கலாம் என்பது என் முன்மொழிவு. கிரேக்கத்தில் சியாலோன் எச்சில், லிதோஸ் கல். அடைப்பு என்ற பொருள் மூலத்தில் இல்லை. ஆனால் சித்த மருத்துவத்தில் நீரடைப்பு, சதையடைப்பு, கல்லடைப்பு என்று சேர்த்தே சொல்வது வழக்கம். சிறுநீர்ப் பாதையில் கல் சிக்கி வலியெடுப்பதைக் கல்லடைப்பு என்றால் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே சொல்லை வாய்க்கும் கொண்டுவருகிறோம், அவ்வளவே. 'எச்சில்' வேண்டாம், உண்ட மிச்சம், தீட்டு என்ற பொருள்களும் கூடவே வந்துவிடும்.

உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மடல் 2 (காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்)

> எல்லாவற்றையும் 'உமிழ்நீர்க் கல்லடைப்பு' என்று ஒன்றாக்கலாம்

கல் இருக்குமிடத்தில் மிகப் பொருத்தமான சொல். எல்லாவற்றையும் அதில் அடக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. அடைப்பு எல்லாம் கல்லால் வருவதில்லை. உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் குழாயான நாளம் தழும்பேறி இறுகலாம். கெட்டியான சளிபோன்ற திரட்டு வழியை மறிக்கலாம். பக்கத்தில் வளரும் கட்டி வெளியிலிருந்து நெருக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துக் கன்னம் வீங்கும். ஸ்கேனில் கல்லைத் தேடினால் இருக்காது. அங்கே நாளம்தான் இறுகியிருக்கும். 'கல்லடைப்பு' என்று தாளில் படித்தவர் 'கல்லை எடுங்கள்' என்று வந்து நிற்பார். அவருக்கு வேண்டியது நாளத்தை விரித்து மருந்தால் கழுவுவது. ஆகவே பொதுச்சொல் 'உமிழ்நாள அடைப்பு' என்றிருக்கட்டும். அதற்குள் ஒன்று கல்லடைப்பு, இன்னொன்று 'நாள இறுக்கம்'. 'நாளச் சுருக்கம்' என்று எழுதாதீர்கள். சுருங்கியது தானே விரியும் என்ற எண்ணம் வரும், தழும்பு அப்படி விரியாது.

கல்லைப் பற்றியும் தாளில் சரியாகச் சொல்ல வேண்டும். நூற்றில் 80 முதல் 90 கற்கள் கீழ்த்தாடைச் சுரப்பியில் வருபவை. அதன் நாளம் சுமார் 5 சென்டிமீட்டர் நீளம். நீர் தாழ்விலிருந்து மேல்நோக்கி ஏறி, நாக்குக்கு அடியில் வந்து திறக்கிறது. அந்தச் சுரப்பியின் நீர் கன்னச் சுரப்பியின் நீரைவிடக் கெட்டியானது, காரத்தன்மையும் சுண்ணாம்புச் சத்தும் கூடியது. எல்லாவற்றுக்கும் மேல், நாளத்திலேயே மிக ஒடுங்கிய இடம் அதன் வாய்தான். உள்ளே 3 மில்லிமீட்டர் வளர்ந்த கல் அரை மில்லிமீட்டர் வாயைத் தாண்ட வழியில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் சுரப்பு பல மடங்கு கூடும், நீர் பின்தங்கும், தாடைக்கடியில் புடைக்கும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடியும். நோயாளி முதலில் சொல்வதே இதைத்தான். இதற்குச் 'சாப்பாட்டு நேர வீக்கம்' என்பதற்கு மேல் சொல் தேட வேண்டாம்.

எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை என்றால் கல்லே இல்லை என்று ஆகாது. கன்னச் சுரப்பிக் கற்களில் பல எக்ஸ்ரேயில் விழுவதில்லை. 2 மில்லிமீட்டருக்குக் கீழே அல்ட்ராசவுண்டும் தவறவிடும். இந்த வரி கட்டாயம் வேண்டும்.

வார்ட்டன் நாளம் (கீழ்த்தாடைச் சுரப்பியுடையது), ஸ்டென்சன் நாளம் (கன்னச் சுரப்பியுடையது) என்ற பெயர்கள் தாளுக்கு வேண்டாம் என்றாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கன்னச் சுரப்பியின் நாளத்தை 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத் தலையை அறுத்து ஆராய்ந்தபோது கண்டவர் நீல்ஸ் ஸ்டென்சன். பாறைகள் அடுக்கடுக்காகப் படிவதை விளக்கி நிலவியலுக்கு அடிக்கல் இட்டவரும் அவரே. உமிழ்நீர்க் கல்லை வெட்டிப் பார்த்தால் நடுக்கருவைச் சுற்றி அதேபோல அடுக்குகள் தெரியும்.

மடல் 3 (பல் மருத்துவர், யாழ்ப்பாணம்)

வணக்கம். டொக்டர் ஐயா சொன்ன பிரிப்பு எனக்கும் உடன்பாடு. எங்கள் பக்கத்தில் பேச்சில் துப்பல் என்போம். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் உமிழ்நீர்தான், ஆகவே 'உமிழ்நீர்' இரு கரைக்கும் பொருந்தும். 'நாளம்' தனியே நின்றால் இரத்த நாளம் என்று மயங்குவார்கள். 'உமிழ்நாளம்' என்று கூட்டி எழுதினால் அந்த மயக்கம் இல்லை. நாளமில்லாச் சுரப்பி என்ற பாடச் சொல்லோடும் அது ஒத்துப்போகும்.

தாளில் கூகைக்கட்டு, தமிழ்நாட்டில் நீங்கள் சொல்லும் பொன்னுக்கு வீங்கி, பற்றியும் ஒரு பந்தி வேண்டும். காதடியில் வீங்கினால் வீட்டில் முதலில் நினைப்பது அதைத்தான். கூகைக்கட்டில் காய்ச்சல் இருக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் மறுபக்கமும் வீங்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரு கிழமையளவு வீக்கம் நிற்கும். நாள அடைப்பு பெரும்பாலும் ஒரு பக்கம். சாப்பாட்டோடு வந்து வடியும்.

வீட்டு வைத்தியத்தை 'மசாஜ் செய்யவும்' என்ற இரண்டு சொல்லோடு விடாதீர்கள். திசைதான் முக்கியம். கீழ்த்தாடைச் சுரப்பிக்கு: தாடையின் மூலைக்கு உள்பக்கம் இரண்டு விரலை வைத்து, எலும்பை ஒட்டி நாடியை (மோவாயை) நோக்கி முன்னுக்கும் மேலுக்குமாக வழிக்க வேண்டும். கன்னச் சுரப்பிக்கு: காதுக்கு முன்னாலிருந்து கன்னத்தின் நடுவழியே வாய்க்கடையை நோக்கி. அதன் நாளத்தின் வாய் மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் இருக்கிறது. வழிக்கும்போது அங்கே நீர் வருகிறதா, தெளிவா, சீழா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லலாம். முன்னே இருந்து பின்னே தேய்த்தால் நீரைச் சுரப்பிக்கே திருப்பி அனுப்புவதாகும். தேய்ப்பதற்கு முன் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், நாள் முழுக்கத் தண்ணீர்.

தேசிக்காய், உங்கள் எலுமிச்சை, பற்றி ஒரு எச்சரிக்கை. பாதி அடைப்பில் ஒரு துண்டை நாக்கில் வைத்தால் ஊறும் நீர் வழியைக் கழுவும், சில வேளை சிறு கல்லையும் தள்ளும். முழுதாக அடைத்திருந்தால் அதே புளிப்பு வீக்கத்தையும் வலியையும் கூட்டும். வலி ஏறினால் நிறுத்து என்று எழுத வேண்டும். நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கினால் பல்லின் எனாமல் கரையும். சர்க்கரையில்லாத சூயிங்கம் நல்லது. உமிழ்நீரை ஊறவைக்கும் பொருளான 'சயலகாக்' என்பதற்கு 'உமிழ்நீரூக்கி' என்றே வைக்கலாம். 'வாயூறி' அழகுதான், ஆனால் தாளில் விளங்காது.

வாயை வறளவைக்கும் மருந்துகளையும் பெயர் சொல்லியே எழுதுங்கள்: தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின். தாமாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்கச் சொல்ல வேண்டும்.

மடல் 4 (காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்)

'உமிழ்நாளம்' சரி, 'உமிழ்நீரூக்கி' சரி.

மீதி இருப்பது சியலெண்டோஸ்கோப்பி, அதாவது நாளத்துக்குள் மெல்லிய கருவியை விட்டுப் பார்ப்பது. கருவி 'உமிழ்நாள அகநோக்கி', செய்முறை 'உமிழ்நாள அகநோக்கல்'. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் 'அகநோக்கியை நாளைக்குச் செய்கிறோம்' என்ற வாக்கியம் வந்து நிற்கும். கருவியின் குறுக்களவு 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர். மெல்லிய கம்பியை நாளத்தின் வாயில் விட்டு, ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்கி விரித்து, உப்புநீரைச் செலுத்திக்கொண்டே உள்ளே போக வேண்டும். தடுமாற்றம் பெரும்பாலும் அந்த வாயிலேயே. அவசரப்பட்டுக் குத்தினால் நாளத்துக்குப் பக்கத்தில் பொய்வழி உண்டாகும். உப்புநீர் தசைக்குள் இறங்கி நாக்கின் அடி உப்பும். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

கீழ்த்தாடையில் சுமார் 4, கன்னத்தில் 3 மில்லிமீட்டர் வரையுள்ள, அசையும் கற்களைக் கம்பிக் கூடையில் பிடித்து எடுக்கலாம். அதற்கு மேல் லேசரால் உடைக்க வேண்டும், அல்லது வாய்வழியே கீறி எடுக்க வேண்டும். பெரிய கல்லைக் கூடையில் பிடித்துவிட்டால் வெளியேயும் வராது, கூடையும் கழலாது. அளவை முன்பே ஸ்கேனில் பார்ப்பது இதற்காகத்தான்.

நாக்கின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் கல்லுக்கு அகநோக்கியே வேண்டாம். மரப்பு ஊசி போட்டு, கல்லுக்குப் பின்னால் நாளத்தைச் சுற்றி ஒரு தையல் நூலை இட்டுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கீறும்போது கல் சுரப்பிப் பக்கம் நழுவிவிடும். கல்லின் மேலேயே கீறி எடுத்தபின் கீறலைத் தைத்து மூடுவதில்லை. மூடினால் அங்கே தழும்பேறி நாள இறுக்கம் வரும். நாளத்தின் விளிம்பை வாயின் சவ்வோடு தைத்துத் திறப்பாக விட வேண்டும். பின்கடைவாய்ப் பல்லருகே நாக்குணர்வு நரம்பு நாளத்துக்கு அடியில் குறுக்கே போகிறது. கல் அவ்வளவு பின்னால் இருந்தால் இது சின்ன வேலை இல்லை.

சுரப்பியை எடுப்பது கடைசி வழி. கீழுதட்டை இறக்கும் நரம்பு, நாக்குணர்வு நரம்பு, நாக்கை அசைக்கும் நரம்பு மூன்றும் பக்கத்திலேயே ஓடுகின்றன. கல்லை எடுத்தபின் பல சுரப்பிகள் மீண்டும் வேலை செய்கின்றன என்பதால் முதலிலேயே 'எடுத்துவிடலாம்' என்பதை நான் ஏற்பதில்லை.

மடல் 5 (மொழிபெயர்ப்பாளர்)

இருவருக்கும் நன்றி. பொதுச்சொல் 'உமிழ்நாள அடைப்பு', அதன் கீழ் 'உமிழ்நீர்க் கல்லடைப்பு', 'நாள இறுக்கம்' என்று மாற்றிவிட்டேன். கல்லை மட்டும் குறிக்குமிடத்தில் 'உமிழ்நீர்க் கல்'.

அவசரப் பகுதியைக் கலைச்சொல் எதுவும் இல்லாமல் இப்படி எழுதியிருக்கிறேன்:

> காய்ச்சல் வந்தால், வாய்க்குள் சீழ் வடிந்தால், வீக்கத்தின் மேல் தோல் சிவந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். நாக்கு மேலே தூக்கிக்கொண்டால், எச்சிலை விழுங்க முடியாவிட்டால், மூச்சு முட்டினால் ஒரு நொடியும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாப்பாட்டோடு வந்து போகாமல், வலியில்லாமல் நாளுக்கு நாள் பெருகும் கட்டி இருந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ அது அடைப்பாக இல்லாமல் இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

இங்கே 'எச்சிலை' என்று வேண்டுமென்றேதான் விட்டேன். மூச்சு முட்டும் நேரத்தில் படிக்கும் வரியில் வீட்டுச் சொல்தான் இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பதிப்பில் 'துப்பலை' என்று போட டொக்டர் அம்மா ஒப்பினால் அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன்.