சாகா வரம் பெற்றவர்களைச் சாய்த்த அனுபவங்கள்

மண்டபம் ஊரிலிருந்து:

சாகா வரம் பெற்றவனை மனிதனால் கொல்ல முடியுமா? கற்பனை உலக வீடியோ விளையாட்டுகளில் தெய்வத்துக்கு நிகரானவர்களோடு மோதியவர்கள் எல்லோரும் எழுதுங்கள். எத்தனை அடி அடித்தீர்கள் என்ற கணக்கு வேண்டாம். சாகாதவன் எதனால் செத்தான், அதற்குக் கதை சொல்லும் காரணம் என்ன, அதுதான் வேண்டும். திரையில் உயிரளவு காட்டும் ஹெல்த் பார் தீர்ந்துபோனதால் செத்தான் என்பது ஒரு பதிலே இல்லை.

ஸ்கைரிம் (2011) விளையாட்டில் டிராகன்களின் தலைவனான அல்டுயினிடமிருந்து தொடங்குகிறேன். அந்த உலகத்து டிராகன்களுக்கு மூப்பு கிடையாது. வெட்டிச் சாய்த்தாலும் எலும்பு மண்ணுக்குள் காத்திருக்கும். அல்டுயின் வந்து குரல் கொடுத்தால் சதை ஏறி எழுந்து நிற்கும். கைன்ஸ்குரோவ் மேட்டில் என் கண்ணெதிரே புதைகுழி பிளந்து ஒன்று அப்படி எழுந்தது. அவற்றை அடியோடு முடிக்க, உயிரையே உறிஞ்சிக்கொள்ளும் டிராகன்பார்ன் வேண்டும், அதாவது டிராகன் ஆன்மாவோடு பிறந்த, நாம் ஆடும் வீரன். அல்டுயினுக்கோ அதுவும் போதாது. பழங்காலத்து மனிதர்கள் டிராகன்களுக்கு எதிராகவே ஒரு மந்திர முழக்கத்தை உண்டாக்கினார்கள். அதில் மூன்றே சொற்கள்: சாவுடையது, எல்லையுடையது, நிலையற்றது. அதை அவன் மேல் ஏவினால், சாவு என்றால் என்னவென்று அவன் உணர்ந்தே ஆக வேண்டும். உணர்ந்த கணத்தில் பறக்க முடியாமல் தரைக்கு வருகிறான். அவன் இனத்தைச் சேர்ந்த பார்தர்னாக்ஸுக்கே அந்தச் சொற்கள் பிடிபடவில்லை. மனிதனால் மட்டுமே செய்ய முடிந்த ஆயுதம் அது. அதனால் என் பதில்: முடியும். சாகத் தெரிந்தவன் என்பதாலேயே மனிதனால் முடியும்.

கீழக்கரையிலிருந்து:

எல்டன் ரிங்கில் (2022) விஷயம் வேறு. அங்கே அரசி மரிகா, சாவையே உலகச் சட்டத்திலிருந்து பிடுங்கி எடுத்துத் தன் காவல் மிருகமான மலிகெத்திடம் காவலுக்கு வைத்துவிடுகிறாள். அதில் ஒரு துண்டு திருடு போன இரவில் அவள் மகன் காட்வினுக்கு ஆன்மா மட்டும் செத்தது, அரச குடும்பத்து ரான்னிக்கு உடல் மட்டும் செத்தது. ஒரே சாவை இருவரும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாம் மலிகெத்தை வீழ்த்திச் சாவை அவிழ்த்துவிட்ட பிறகுதான் கடைசிச் சண்டைக்கு வழி திறக்கிறது. ஆளைக் கொல்வதற்கு முன்னால் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.

தங்கச்சிமடத்திலிருந்து:

மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நான் காட் ஆஃப் வார் (2018) விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "கழுத்தை ஒடித்துப் போட்டவன் எப்படிடா திரும்பி வந்தான்?" என்று, அதில் எதிரியாக வரும் தேவன் பால்டரைப் பார்த்துக் கேட்டார். மகன் சாகக் கூடாது என்று தாய் ஃப்ரேயா போட்ட மந்திரக்கட்டு என்றேன். அடி, வெயில், குளிர் எதுவும் அவனுக்கு உறைக்காது. அந்தக் கட்டை அறுத்தது புல்லுருவி முனை பூட்டிய ஓர் அம்பு. நாம் ஆடும் வீரன் கிரேட்டோஸின் மகனுடைய அம்பறாத்தூணி வார் அறுந்தபோது அவசரத்துக்குச் செருகிய முனை அது. பால்டர் ஓங்கி அந்தச் சிறுவனைக் குத்தியபோது பால்டரின் கையிலேயே ஏறிவிட்டது. கையைப் பார்த்து, வலிக்கிறது என்று அவன் மகிழ்ந்துபோகும் காட்சியில் அப்பா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியில் அவனைக் கொன்றது கிரேட்டோஸ்தான்.

திருப்புல்லாணியிலிருந்து:

தங்கச்சிமடம் தம்பி, கிரேட்டோஸ் கிரேக்கத் தேவர்களின் அரசன் ஜீயஸின் மகன். அவனை மனிதக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் தடுத்த கட்டில் ஓட்டையாக நின்ற புல்லுருவியைச் சொன்னீர்களே, அது நம் பக்கத்துக் கதையும்தான். தேவர், அசுரர், யக்கர் என்று ஒவ்வொருவராகச் சொல்லி அவர்களால் சாவு வரக் கூடாது என்று வரம் கேட்ட ராவணன், மனிதர்களைப் புல்லாக நினைத்து விட்டுவிட்டான். அந்த ஓட்டை வழியாகத்தான் கதையே நடந்தது. ராமன் அவதாரமாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: போர் முடிந்து தேவர்கள் வந்து நின்றபோதும், தான் தசரதன் மகனான மனிதன் என்றே அவன் சொல்கிறான்.

கொல்ல முடியுமா என்பதைவிட, கொன்றால் எது சரியும் என்ற கேள்விதான் எனக்குப் பெரிது. காட் ஆஃப் வார் மூன்றாம் பாகத்தில் (2010) கிரேட்டோஸ் முதலில் கொல்வது கடல் தேவன் பொசைடனை. உடல் விழுந்த மறுகணம் கடல் பொங்கி ஊர்களை மூழ்கடிக்கிறது. சூரிய தேவன் ஹீலியோஸ் செத்தால் வெயில் மறைகிறது, தேவர்களின் தூதன் ஹெர்மிஸ் செத்தால் கொள்ளைநோய், ஜீயஸின் மனைவி ஹீரா செத்தால் பயிர்பச்சை கருகுகிறது. என் அம்மாவின் குடும்பம் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்து வந்த குடும்பம். தண்ணீர் ஏறும் அந்தக் காட்சியில் எனக்கு வெற்றி என்ற எண்ணமே வரவில்லை. கீழே இருந்த ஊர்களைத்தான் தேடினேன்.

எங்கள் ஊரில் ராமன் தர்ப்பைப்புல்லில் கிடந்து கடலரசனிடம் வழி கேட்டதாக வழக்கு. மூன்று நாள் பதில் இல்லை. வில்லை எடுத்துக் கடலையே வற்றச் செய்கிறேன் என்று அம்பைப் பூட்டினான். கடலரசன் நடுங்கி எழுந்து வந்ததும் அம்பை வேறு திசைக்கு விட்டான். வழி கிடைத்தது, கடலும் இருந்தது. ராவணனைக் கொன்ற பின்னும் ராமேசுவரத்தில் லிங்கம் வைத்துப் பாவம் தீர்க்க வேண்டியிருந்தது. தெய்வத்தைக் கொன்ற கையைக் கழுவக்கூட நேரம் கொடுக்காமல் புதையல் பெட்டியைத் திறக்கச் சொல்லும் விளையாட்டுகள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

பாம்பனிலிருந்து:

கொன்றால் எது சரியும் என்று திருப்புல்லாணி அக்கா கேட்டாரே, அந்த விலையை மாரோவிண்ட் (2002) விளையாட்டு வாங்குகிறது. அதில் 'டகோத் ஊர்' என்ற பெயருடைய எதிரி சாகாமல் இருப்பதற்குக் காரணம் லோர்கான் என்ற பழந்தெய்வத்தின் இதயம். அவனோடு நேருக்கு நேர் மோதிப் பயன் இல்லை, திரும்ப எழுந்துவிடுவான். சண்டர், கீனிங் என்ற இரண்டு கருவிகளால் அந்த இதயத்தைத் தாக்கிக் கட்டை அவிழ்க்க வேண்டும். கையுறை இல்லாமல் அவற்றை எடுத்தால் எடுத்தவன் உயிர் போகும். மக்கள் கடவுளாகக் கும்பிடும் விவெக்கின் சக்தியும் அதே இதயத்திலிருந்து வந்ததுதான். தன் தெய்வத்தன்மை போய்விடும் என்று தெரிந்தே அந்தக் கையுறையை அவன் நம்மிடம் கொடுக்கிறான். அவனையும் கொல்ல விளையாட்டு இடம் தருகிறது. கொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.