விடியலில் கெண்டைகள் மூச்சுத் திணறுகின்றன, சத்தமில்லாத ஏரேட்டர் வேண்டும்

வணக்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் குடும்பமாக ஒரு மீன்பிடி ஏரியும் கரையில் கேரவன் தங்குமிடமும் நடத்துகிறோம். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவதுதான் இங்கே வழக்கம். அதனால் ஒவ்வொரு கெண்டையும் பல வருட வளர்ப்பு.

இந்த வெயிலில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அளவு மிகவும் குறைகிறது. நேற்று நாலரை மணிக்குப் போய்ப் பார்த்தால், பெரிய கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆக்சிஜன் மீட்டரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான். மனசே ஆறவில்லை.

துடுப்புச் சக்கர ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) இருக்கிறது. ஆனால் அதை ஓட்ட வேண்டிய நேரத்தில்தான் கேரவன்களில் குழந்தைகள் தூங்குகிறார்கள். ஏரேட்டர் ஓட்டிப் பழகிய இறால் பண்ணைக்காரர்கள் சொல்லுங்கள்: அடியிலிருந்து குமிழி விடும் குழாய், 1 ஏக்கர், 2 மீட்டர் ஆழத்துக்குப் போதுமா? அப்புறம், அதற்குக் காற்றைத் தள்ளும் கம்ப்ரஸரின் சத்தத்தை எப்படி அடக்குகிறீர்கள்?