ரோட்ஸ்டரைத் தாழ்த்திய பிறகு மழையில் பின்பக்கம் வழுக்குகிறது, உதவி தேவை

ஜெலுத்தோங் தம்பி:
வணக்கம் அண்ணன்மார்களே. என்னுடையது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு இருக்கை ரோட்ஸ்டர், 1.6 இன்ஜின். ஸ்பிரிங் மாற்றி ஒன்றரை இன்ச் தாழ்த்தினேன். அபஸார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது) பழையதுதான். ஸ்போர்ட் ரிம்மும் டயரும் வாங்கும்போதே காரோடு வந்தவை.

பினாங்கில் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில், மழை விட்ட கொஞ்ச நேரத்தில், இடப்பக்க வளைவு ஒன்றில் பின்பக்கம் திடீரென்று வெளியே போய்விட்டது. வேகமும் அதிகமில்லை. வளைவு இறுகுவதைப் பார்த்து எண்ணெய் பெடலிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை எடுத்தேன், அவ்வளவுதான். வொர்க்‌ஷாப்பில் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) போடு, அகல டயர் போடு என்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் உங்களைக் கேட்கிறேன்.

பாயான் பாரு அண்ணன்:
தம்பி, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அதுவே பெரிது.

எல்எஸ்டி இருக்கட்டும். முதலில் டயர் ஓரத்தில் டிஓடி எழுத்துக்குப் பின்னால் கடைசியில் வரும் நாலு எண்ணைப் பார். முதல் இரண்டு எண் டயர் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். டயர் பூ (மேல் வரிப்பள்ளம்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும், பழைய ரப்பர் இறுகிவிட்டால் ஈரத்தில் பிடிக்காது. காற்றையும் பார். கம்பெனி சொன்னது 185/60 ஆர்14 டயருக்கு 26 பிஎஸ்ஐ. ஒரு டன்கூட இல்லாத காருக்குச் சாதாரண செடான் மாதிரி 33, 35 ஏற்றிவிடுகிறார்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
3214 என்று இருக்கிறது அண்ணே. 2014-ஆ! காற்று 34. பின் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

ஈப்போ ரோடு மெக்கானிக்:
உள்பக்கத் தேய்மானம்தான் முக்கியமான தடயம். இந்தக் காருக்கு நாலு பக்கமும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் சஸ்பென்ஷன். தாழ்த்தினால் கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பும் கோணம்) சேர்ந்தே மாறும். பின் சக்கரம் டோ-அவுட் ஆகிவிட்டால் (முன்பக்கம் வெளியே திரும்பிவிட்டால்), காலை எடுத்ததும் எடை முன்னால் போகும், பின்பக்கம் லேசாகும், வால் ஆடும். இஎஸ்சி (வழுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் கருவி) இல்லாத காலத்துக் கார் இது, காப்பாற்ற வேறு ஒன்றும் கிடையாது.

ஸ்பிரிங் மாற்றியபின் நாலு சக்கர அலைன்மென்ட் செய்தாயா? முன்பக்கம் மட்டும் செய்து அனுப்பும் கடைகள் உண்டு. பின்பக்கமும் கேம் போல்ட்டில்தான் (திருப்பினால் சக்கரக் கோணம் மாறும் போல்ட்) சரிசெய்ய வேண்டும். இந்த வயதில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊறவிடச் சொல். பின்பக்கம் கொஞ்சம் டோ-இன் (முன்பக்கம் உள்ளே திரும்பியபடி) வை. நீ ஓட்டும் இருக்கையில் உன் எடையை வைத்து அளக்கச் சொல்.

இன்னொன்று, பம்ப் ஸ்டாப், அதாவது அபஸார்பர் முழுதாக அமுங்கும்போது இடிபடாமல் தாங்கும் ரப்பர். ஒன்றரை இன்ச் இறக்கினால் அபஸார்பருக்கு ஓட இடமே இருக்காது. அதன் தண்டில் ஒரு கேபிள் டை கட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பார். அது ரப்பரோடு ஒட்டி மேலே ஏறியிருந்தால், வளைவில் கார் ரப்பர் மேல்தான் உட்காருகிறது. அந்த நொடியில் பின்பக்கம் கல் மாதிரி இறுகும், டயர் விட்டுவிடும்.

ஜெலுத்தோங் தம்பி:
அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே சரி. இடது பின் சக்கரம் டோ-அவுட். கேபிள் டையும் ரப்பரில் நசுங்கியிருந்தது. புது டயர் வாங்கி அலைன்மென்ட் செய்துவிட்டேன், காற்று 26. அதே பாதையில் நிதானமாகப் போனேன், வேறு கார் மாதிரி இருக்கிறது. எல்எஸ்டி காசில் அபஸார்பர் வாங்கலாமா?

ஈப்போ ரோடு மெக்கானிக்:
தாராளமாக. ஸ்பிரிங்கிற்குப் பொருத்தமான அபஸார்பர், நீளம் குறைந்த பம்ப் ஸ்டாப், முடிந்தால் அரை இன்ச் மேலே ஏற்று. உயரம் மாறினால் மறுபடி அலைன்மென்ட், மறக்காதே.

பாயான் பாரு அண்ணன்:
புது டயர் ஆரம்பத்தில் வழுக்கும், முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் அவசரப்படாதே. டுரியான் சீசனில் அந்தப் பாதையில் லாரி ஓரங்கட்டும், ஈர இலையும் கிடக்கும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள், உள்ளே போனபின் காலை நிதானமாக வை.

ஜெலுத்தோங் தம்பி:
சரி அண்ணே. மிக்க நன்றி.