புதுப்பிப்பு: அப்பாச்சி வெப் சர்வரின் லாகில் (பதிவேட்டில்) வந்த அந்த விநோத வரிகள்

'யூனிக்ஸ்:' என்று தொடங்கி, ஒரே எழுத்து ஆயிரக்கணக்கில் நீண்டு, கடைசியில் செங்குத்துக் கோடும் உள் நெட்வொர்க் முகவரியும் வரும் கோரிக்கைகள் பற்றி இங்கே கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: சிவிஇ-2021-40438 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்). அப்பாச்சி 2.4.48 பதிப்பு வரை, கோரிக்கைகளை வேறு சர்வருக்குக் கைமாற்றும் ப்ராக்ஸி மாட்யூலில் இருந்த ஓட்டை.

'யூனிக்ஸ்:' என்ற சொல் கைமாற்ற வேண்டிய முகவரியின் தொடக்கத்தில்தான் இருக்கிறதா என்று மாட்யூல் பார்க்கவில்லை. வெளியாள் அனுப்பும் குவெரியில் (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) இருந்தாலும் சாக்கெட் பாதை (ஒரே கணினியில் நிரல்கள் பேசிக்கொள்ளும் கோப்பின் இடம்) என்றே எடுத்துக்கொண்டது. பாதை லினக்ஸின் 4096 பைட் எல்லையைத் தாண்டினால் சாக்கெட் பாதை வெறுமையாகிவிடும்; உடனே கோட்டுக்குப் பின்னால் உள்ள முகவரிக்கே சர்வர் போய் நிற்கும். கோரிக்கை எங்கே போக வேண்டும் என்று ப்ராக்ஸிபாஸ் வரியில் நாம் எழுதிய இலக்குக்கு மதிப்பே இல்லை. ஃபயர்வாலுக்குள் இருக்கும் அட்மின் பக்கம், கிளவுட் சர்வரின் உள் விவரங்களை (மெட்டாடேட்டா) தரும் 169.254.169.254 என எதுவும் வெளியாளுக்கு எட்டும் தூரம்தான். படித்தபோது உண்மையிலேயே பயமாக இருந்தது.

சரி, தீர்வு. 2.4.49-இல் இதை அடைத்தார்கள், ஆனால் தயவுசெய்து அதில் நிற்காதீர்கள். அதில் பாத் டிராவர்சல் ஓட்டை (அனுமதித்த ஃபோல்டருக்கு வெளியே உள்ள கோப்புகளை எட்டவிடுவது), 2.4.50-இல் அதற்கு அரைகுறைத் திருத்தம். குறைந்தது 2.4.51 வேண்டும். டெபியன், உபுண்டுவில் பழைய பதிப்பு எண்ணிலேயே திருத்தம் வந்திருக்கும், சேஞ்ச்லாகை (மாற்றங்களின் பட்டியலை) பாருங்கள்.

அப்டேட் செய்தபின் அதே கோரிக்கையை அனுப்பிப் பார்த்தேன். இப்போது நாங்கள் குறித்த பேக்எண்டுக்கே (பின்னால் உள்ள சர்வருக்கே) போகிறது.